முதலில் பி ஒன்

1

இந்தக் கதையை எழுதத் தூண்டியது கலைத்தாகம் அல்ல, வெட்கம். அதை மறைக்க முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலின் பொற்கதிர்கள் மருத்துவமனைச் சாளரத்தின் வழியே..." அடித்துவிட்டேன். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக்குழாய்தான் தெரியும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மூன்று மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை வெளியூரில் வேலை. மூன்று வாரமாகத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அன்று காலை சுவரைப் பிடித்தபடி வந்தவள், "அண்ணா, நீ ரெண்டா தெரியற" என்றாள்.

"ஒண்ணே இந்த வீட்டுக்கு அதிகம்னு நீதானே சொல்லுவே?" என்று சிரித்தேன்.

என் நகைச்சுவைக்கு மருந்து கிடையாது. அவளுக்கு இருந்தது.

2

டாக்டரை வில்லனாக்க நினைத்தேன். வரவில்லை, நல்ல மனிதர்தான். வாசல் பலகையில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் ஏழு வரி. ஊரில் அவருக்கு 'ஏழு வரி' என்றே பெயர். நோயாளியைவிடக் கைக்கடிகாரத்தை அதிகம் பார்த்தார்.

"வெறும் நீர்ச்சத்துக் குறைவு. குளுக்கோஸ் ஏத்துங்க. சாயந்திரமே எழுந்து ஓடுவாங்க."

சிஸ்டர் பாட்டிலைத் தொங்கவிட்டார். குழாயை மாட்டவில்லை.

"கடைசியா எப்பம்மா வயிறார சாப்பிட்டீங்க?"

"போன மாசம்."

"என் விரலையே பாருங்க."

விரல் பக்கவாட்டில் போனது. தங்கையின் கருவிழிகள் நிலைகொள்ளாமல் துடித்தன.

[இங்கே "சிஸ்டரின் கண்களில் தீப்பொறி பறந்தது" என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார், அவ்வளவே.]

3

"சார், ரொம்ப நாளா சாப்பிடாம வாந்தி எடுக்கறவங்களுக்கு குளுக்கோஸுக்கு முன்னாடி பி ஒன் போடணும்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? அதை ரெடி பண்ணிடட்டுமா?"*

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேசினேன். "டாக்டரே சொல்லியாச்சே சிஸ்டர், சட்டுனு ஏத்துங்களேன்!"

என் வெட்கம் இந்த வாக்கியம்தான். சர்க்கரையை எரிக்க உடம்புக்கு பி ஒன் என்கிற விட்டமின் வேண்டும். அது வற்றிக் கிடக்கும்போது சர்க்கரையை மட்டும் கொட்டினால், மிச்சமிருப்பதும் கரைந்து மூளை பட்டினி கிடக்கும். போகிற ஞாபகம் பிறகு திரும்பாமலே போகலாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது என் தங்கையின் மொத்த நினைவும் மாட்டாத ஒரு குழாயின் முனையில் இருந்தது. நான் அதை மாட்டச் சொல்லி அவசரப்படுத்தினேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அதைத்தானே சொல்ல வந்தேன்! பி ஒன் முதல்ல. எத்தனை தடவை சொல்றது?"

"சாரி சார்."

மன்னிப்புக் கேட்டபடியே ஜெயித்த வேறொருவரை நான் பார்த்ததில்லை.

* போன மாதம் முழுக்க டாக்டர் விடுப்பில் இருந்தார்.

4

இனி விறுவிறுப்பு குறையும். சிஸ்டருக்கு விறுவிறுப்பு பிடிக்காது.

முன்பு எந்த ஊசிக்காவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா என்று கேட்டார். மருந்தின் பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படித்தார். அவசர மருந்துத் தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். பி ஒன்னைச் சின்ன பாட்டிலில் கலந்து, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கினார். முழு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ்.

"விட்டமின்தானே சிஸ்டர், இதுக்கு இவ்வளவு சடங்கா?"

"விட்டமின்னு நாமதான் பேர் வெச்சிருக்கோம். அபூர்வமா சிலருக்கு ஒத்துக்காது சார். அந்தச் சிலர் யாருன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?"

உற்சாகத்தில் நானும் கையை நீட்டினேன். "எனக்கும் ஒண்ணு போடுங்க. எழுதி எழுதி ஒரே களைப்பு."

"முதல்ல ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். குறை இருந்தா போடலாம். இல்லைன்னா போய்த் தூங்குங்க."

5

பிரதியைப் படித்த சிஸ்டர் ஒரே இடத்தில் விரல் வைத்தார். "'அற்புத ஊசி'யா? அடிங்க சார். நாளைக்கே நாலு பேர் வந்து நிப்பாங்க. அஞ்சு நாள் ஊசி, அப்புறம் மாத்திரை, சாப்பாடு, இன்னும் நடைப்பயிற்சி. அதை எழுதினீங்களா?"

எழுதிவிட்டேன்.

6

முடிவுகள். ஒன்று: கருவிழிகள் மறுநாளே அடங்கின. உண்மை, ஆனால் முடிவல்ல. இரண்டு: டாக்டர் திருந்திப் பலகையைச் சுருக்கினார். [பொய். எட்டாவது வரி சேர்ந்திருக்கிறது.]

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது தங்கை பிரதியைப் பிடுங்கினாள். இப்போது ஆறாம் மாதம்.

"பாப்பா வர்றதுக்குள்ள முடிவு எழுத நீ யாரு? அதை விடு. நான் எட்டாவது படிக்கறப்போ எழுதின கட்டுரையை உன் பேர்ல போட்டிக்கு அனுப்பி முதல் பரிசு வாங்கினியே, அது ஏன் இதுல இல்லை?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"எனக்கு" என்றவள், அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. என் அவமானத்தை அப்படி ஆனந்தமாகக் கேட்டது அன்றுதான்.

மீதியை நீங்கள் எழுதுங்கள், நல்லபடியாக. பரிசு ஏதும் வந்தால் அவள் பேருக்கே அனுப்புங்கள்.