புழுதிக்குள் கிடந்தது

கிருபாவுக்குக் கோபம் வந்தால் சோறு பொங்கி வைப்பாள், பேசமாட்டாள். இந்தப் புரட்டாசியில் வந்த கோபத்துக்கு அதுவும் போதவில்லை. மக்காச்சோளம் விதைத்தால் காட்டுப் பக்கமே கால் வைக்கமாட்டேன் என்று புருஷன் பால்துரையிடம் சொல்லிவிட்டாள்.

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் படைப்புழு, மறுவருஷம் பன்றி, போன மார்கழியில் நாலு நாள் வடியாத தண்ணீர் என்று மக்காச்சோளம் மூன்று தடவை கையைக் கடித்துவிட்டது. அவள் விதைக்கச் சொன்ன குதிரைவாலி மழையில்லாத காய்ச்சலையும் தாங்கும், தண்ணீரில் நின்றாலும் லேசில் அழுகாது. கோவில்பட்டியில் சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள் என்று அவள் தங்கச்சி ஆஸ்லின் சொல்லியிருந்தாள். பால்துரையோ, மக்காச்சோளத்துக்கு லாரி காட்டுக்கே வருகிறது, குருவித் தீனிக்கு எவன் வருவான் என்று மடக்கினார். இந்த வெள்ளாமையும் போனால் ஆறு ஏக்கரையும் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அதில்தான் அவள் பயந்துபோனாள்.

கரிசல் காட்டில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை விழுந்து முளைக்கும் வரை உள்ளே என்ன கிடக்கிறது என்பது விதைத்தவருக்குத்தான் வெளிச்சம். பால்துரை டிராக்டர் வைத்து விதைத்துவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட்டார். அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள் வீறாப்பு தாங்கவில்லை. பால்துரை விளாத்திகுளம் போன நேரம் பார்த்து, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

காடு முழுக்கப் புல். மக்காச்சோளக் குருத்து மருந்துக்குக்கூட இல்லை. இதுவும் போனால் காடு சோலார்காரனுக்குத்தான். புல்லுக்குள் எங்கேயாவது அமுங்கிக் கிடக்கும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே கொத்தத் தொடங்கினாள்.

கோடையில் உரத்துக்காக இந்தக் காட்டில் ஆட்டுக்கிடை போட்ட மாயகிருஷ்ணன், ஓடையோரம் மேய்த்துக்கொண்டிருந்தவன், ஓடி வந்தான்.

“யக்கா, வெட்டாதீங்க. அது களையில்ல, குதிரைவாலி. சொல்லக்கூடாதுன்னு அண்ணாச்சி சத்தியம் வாங்கிருக்காவ.”

கிருபா குனிந்து பார்த்தாள். புல் வரிசை பிடித்து நின்றது. குதிரைவாலிக்காக ஒரு மாதம் மல்லுக்கட்டியவள், அதை அரிசியாகத்தான் கண்டிருந்தாள். பயிராகப் பார்த்ததே இல்லை. அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. கூடவே வெட்கமும். பாதி வரிசை போயிருந்தது.

பால்துரை வந்தபோது, வெட்டுப்படாமல் வேரோடு வந்தவற்றைப் பொறுக்கி ஈர மண்ணில் திரும்ப ஊன்றிக்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் எதிரே உட்கார்ந்தார்.

“நீ கேட்டன்னுதான் போட்டேன். அதையும் நீயே வெட்டுதியே, ஏட்டி.”

வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்னவாம் என்று முனகினாள். குருவித் தீனி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாயால் எப்படிச் சொல்வதாம் என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சோலார்காரன் போன் பண்ணுனான். வீட்ல கேட்டுச் சொல்லுதேன்னேன்.”

“நான் என்ன சொல்லுவேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்” என்று அடுத்த நாற்றை அவள் கையில் கொடுத்தார்.