யாமினி பேரில் போன பாட்டில்

நாராயணவனத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா நாகையாவும் அவர் மனைவியும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன் அவர்கள் கேட்டது ஒன்றுதான். பெண்ணுக்குக் கிட்னியில் கோளாறு இல்லை என்று தெரியவேண்டும்.

பெண், என் தம்பி மகள் யாமினி. தம்பி வரதராஜன் இரண்டு வருடம் திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, போன ஆவணியில் இறந்தான். அதை நான் மறைக்கவில்லை. மறைத்துப் பெண் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமும் இல்லை. கிட்னி நோயாளி இருந்த குடும்பங்களில் மற்றவர்களை முன்கூட்டியே பார்க்க ஊர்ப் பள்ளியில் முகாம் போட்டிருந்தார்கள். நர்சம்மா தபிதா யாமினிக்கு பி.பி. பார்த்துவிட்டு, காலையில் முதல் சிறுநீர் பிடித்துவரப் பேர் ஒட்டிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதன் முடிவுக்காகத்தான் காத்திருந்தோம்.

தபிதா முன்வாசலில் வரவில்லை. பின்கட்டு வழியாகச் சமையலறைக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆளுங்க இருக்காங்கன்னு இப்டி வந்தேன் ஐயா. யாமினி நீர்ல புரதம் ரொம்பப் போவுது. அன்னிக்கி பி.பி. நல்லாத்தான் இருந்திச்சி, அதான் எனக்குப் புரியல. உடனே ரத்தம் எடுக்கணும்."

அடுப்பருகே நின்றிருந்த என் மனைவி தாட்சாயணி கரண்டியை அப்படியே விட்டுவிட்டாள்.

"அது யாமினிது இல்ல," என்றாள்.

"பின்ன?"

"ஹரிதாது. வரதராஜன் உடம்பு இவளுக்கும் இருந்து தொலைச்சா கல்யாணம் நின்னுடுமேன்னு பயந்துட்டேன். ஹரிதா வேற ஊட்டுப் பொண்ணு, குத்துக்கல்லாட்டம் இருக்கா, இன்னா வந்துடப் போவுதுன்னு அவள நீர் புடிக்கச் சொன்னேன்."

ஹரிதா எங்கள் மருமகள். மகன் ஜெயபிரகாஷ் மாங்காய் லோடோடு சித்தூர் போயிருந்தான். அவள் அரிசி மூட்டையில் சாய்ந்து, நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தபிதா பையிலிருந்த கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினார். நூற்றுத் தொண்ணூறு காட்டியது. மறுபடி பார்த்தார். இறங்கவில்லை.

"தலவலி எவ்ளோ நாளாம்மா?"

"போன வருசத்துலேர்ந்து. மெடிக்கல்ல செட்டு வாங்கித் துன்னுக்கினு இருக்கேன். ரெண்டு நாளா கண்ணு மங்கலா தெரியுது."

செட்டு என்றால், பேர் தெரியாத நாலு மாத்திரைகளைக் கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. எங்கள் பக்கம் வலி என்று போனால் அதுதான் கிடைக்கும்.

"வலிக்கு காரணமே பி.பி. தான். அத்தப் பாக்காம வலி மாத்திரையத் துன்னா கிட்னி இன்னா ஆவும்? இப்பவே திருப்பதி போவணும். நூத்தியெட்டக் கூப்புடறேன்."

"ஐயோ, நர்சம்மா!" தாட்சாயணி அவர் கையைப் பிடித்தாள். "அவங்க எதிர்ல ஆம்புலன்ஸா? இன்னொரு பாட்டில் குடுங்க. யாமினியே குடுக்கட்டும், நல்லாத்தான் வரும். மிஷினு தப்புன்னு சொல்லிக்கலாம். ஹரிதாவ சாயங்காலம் கார்ல அனுப்பிடறோம்."

"நல்லாத்தான் வரும்னு உங்களுக்கு எப்டிம்மா தெரியும்? அந்தப் பொண்ண இன்னும் யாருமே சோதிக்கலியே."

கூடத்திலிருந்து நாகையாவின் குரல் வந்தது. "இன்னா எத்திராஜண்ணா, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது!"

"ஆம்புலன்ஸ தெரு முனையிலயாவது நிறுத்தச் சொல்லுங்க," என்று தாட்சாயணி கெஞ்சினாள்.

"முனையில எதுக்கு? வாசலுக்கே வரட்டும்," என்றேன்.

கூடத்துக்குப் போய் நின்றபடியே சொன்னேன். "நாகையா, என் ஊட்ல ஒரு ஏமாத்து நடந்துபோச்சி. முகாமுக்குப் போன பாட்டில் யாமினிது இல்ல, என் மருமகளுது. அவளுக்கு உடம்பு சரியில்லன்னு அதுல தெரிஞ்சிபோச்சி. ஆம்புலன்ஸ் வருது. யாமினிக்கு இன்னும் சோதிக்கல."

நாகையா உடனே கேட்டார். "ரிசல்ட்டு நல்லா வந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"நல்லா வந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது."

இந்த வயதில், என் வீட்டுக் கூடத்தில், குற்றவாளியைப் போல் நின்று பதில் சொன்னேன். ஆனாலும் தலையைக் குனியவில்லை.

அவர் மனைவி வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொண்ணு மறுபடி குடுக்கட்டும். இந்த தபா நானே கூட நின்னு பாக்கறேன்."

எங்கள் பெண் குளியலறைக்குப் போனால் அந்நியர் காவலா? எழுந்து போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு யாமினி வந்துவிட்டாள். பட்டுப் புடவையில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"குடுக்கறேன் அத்தை, நீங்க நின்னு பாருங்க. எனக்கும் தெரிஞ்சாவணும். எங்க நைனாவுக்கு ரெண்டும் கெட்டப்புறம்தான் தெரிஞ்சிச்சி. ஆனா ஒண்ணு, உங்க புள்ளையும் குடுக்கட்டும். அவர் குடுக்கசொல்ல எங்க பெரியம்மா நின்னு பாக்கட்டும்."

பின்கட்டில் தபிதா சிரிப்பை அடக்கியது கேட்டது. நாகையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இப்டித்தான் பேசுமா உங்க ஊட்டுப் பொண்ணு?"

வேறொரு நாளாக இருந்தால் அவளை ஒரு பார்வையில் உள்ளே அனுப்பியிருப்பேன்.

"ஆமா, எங்க ஊட்டுப் பொண்ணுதான்," என்றேன்.

வாசலில் சைரன் கேட்டது. எதிர்வீட்டார் வெளியே வந்து நின்றார்கள். தபிதா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஹரிதாவைத் தாங்கி, கூடத்தின் நடுவிலேயே, அவர்கள் எதிரில் நடத்திக் கூட்டிப்போனோம்.

"மாமா, என்னால தானே யாமினிக்கு..." என்று ஹரிதா அழுதாள்.

"வாய மூடிக்கினு பாத்து ஏறு."

நானும் ஏறி அவள் அருகில் உட்கார்ந்தேன். நாகையா தட்டோடு போகிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. புத்தூர் தாண்டும்வரை ஹரிதாவின் கையை விடவும் இல்லை.