சராசரியில் அறாத கம்பி

1

இந்தக் கதைக்கு விதை நான் எழுதிய ஒரு விளம்பரத் தாள். இங்கே அந்தோஃபகஸ்தா நகரில் செம்புக் கம்பி இழுக்கும் ஓர் ஆலைக்காகக் கூலிக்கு எழுதினேன்: "நுண்ணதிர்வு பட்டால் செம்பு வெண்ணெயாக இளகும்." அந்த வரியைக் காட்டித்தான் இப்போது ஒரு மனிதன்மேல் பழி போடுகிறார்கள். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

2

கடலிலிருந்து எழுந்த மூடுபனி ஆலையின் கூரையை மெல்லத் தழுவ—

இந்த வரியை அடித்துவிட்டேன். மூடுபனியா நிபால்டோவின் கண்ணைப் பறித்தது?

நடந்தது இதுதான். கம்பியைச் சிறு துளையுள்ள அச்சு வழியாக இழுத்து மெலிதாக்குவார்கள். அந்த அச்சை நொடிக்கு இருபதாயிரம் முறை அதிரவைத்ததும், இழுவிசை காட்டும் முள் பாதிக்கு இறங்கியது. மேலாளர் தோன் பவுஸ்தீனோ வேகத்தை இரட்டிப்பாக்கச் சொன்னார். பொறியாளர் யோவான்கா வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் கம்பி அறுந்து, இயந்திரத்தில் நின்ற நிபால்டோவின் இடது கண்ணில் அடித்தது.

3

விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். யோவான்கா கையெழுத்துப் போட்டால் நிபால்டோவுக்கு வேலை போகும்.

"போடும்மா. முள்ளுதான் பாதிக்கு எறங்கியிருக்கே. அவ்வளவு எளகின செம்பு தானாவா அறும்?"

"அந்த முள்ளு மந்தம், தோன் பவுஸ்தீனோ. நொடிக்கு இருபதாயிரம் துள்ளல அதால பாக்க முடியாது, சராசரியத்தான் காட்டும். ஒவ்வொரு துள்ளல்லயும் இழுவ பழைய உச்சத்துக்குப் போயிட்டுத்தான் வருது. வேகத்தக் கூட்டினா அதுக்கும் மேல. கம்பி சராசரியிலயா அறும்?"

"பெரிய படிப்புதான். தாள்ல வெண்ணெய்னு போட்டிருக்கு, நீ கதை சொல்ற."

(அந்த வெண்ணெய் என்னுடையது.)

"அந்தத் தாள எழுதினவனக் கூட்டிட்டு வந்து இயந்திரத்துக்கு முன்னால நிக்க வைங்க."

(நிற்க மாட்டேன். எனக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.)

4

யோவான்காவை அளவுக்கு மீறி நல்லவளாக்கிவிட்டேனோ? முதல் நாளே இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. நிறுத்தவில்லை. வேண்டாம் என்று வாயால் சொன்னதோடு சரி. அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

5

முடிவு ஒன்று: அறிக்கையைக் கிழிக்கிறாள், ஆலையே திரண்டு நிற்கிறது. சினிமா. முடிவு இரண்டு: கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் அழுகிறாள். அழுது யாருக்கு என்ன வந்தது? இரண்டையும் அடித்துவிட்டேன்.

பேனா இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வெளியே பெஞ்சில் நிபால்டோ, கண்ணில் கட்டோடு, மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறான். உள்ளே என்ன ஆயிற்று என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் போனால் அறைவான். நீங்கள் போங்கள். மிச்சமிருக்கிற கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.