ஒன்றாம் நம்பர் போன்

கடத்தூரில் அப்துல் சுபானின் புளி மண்டிக்கு எண்பத்தேழாம் வருஷம் இன்டர்காம் வந்தது. கட்டிக்கொடுத்த பெங்களூர்க்காரர் பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர்தான், அப்புறம் தலைகாட்டவில்லை. ஆறு அறைகளுக்கு ஆறு போன். சுபான் அன்றைக்கே அரூரிலிருந்து பெயிண்டரை வரவழைத்து, வாசலில் தங்க எழுத்தில் பலகை மாட்டினார். ஒன்று முதலாளி, இரண்டு மேனேஜர் என்று தகுதிப்படி இறங்கி, ஆறாவதாகப் புளிக்கொட்டகை.

பெட்டிக்குப் பலகை படிக்கத் தெரியாது. கரண்ட் போய் வந்தால் அதற்குப் பழசெல்லாம் மறந்துவிடும். முதலில் யார் ரிசீவரை எடுக்கிறார்களோ அவர்களுக்கே ஒன்றாம் நம்பர். ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகிற காலம் அது. மண்டியில் மரியாதையும் மூன்று தடவை இடம் மாறியது. மின்விசிறி அசைந்ததும் சுபான் போன்மேல் பாய்வார். மேனேஜர் மாதேஸ்வரன் விசுவாசமாக அவருக்குப் பின்னால் எடுப்பார். புளிக்கொட்டகையில் கொட்டை எடுக்கும் பெண்களுக்குத் தலைவியான கோவிந்தம்மாளுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வேடிக்கைக்கு எடுத்துப் பார்ப்பாள். ஒன்றாம் நம்பர் ஆகிவிடுவாள்.

அடி வாங்கியது ஆபரேட்டர் வஹிதா. வெளியூர் போன் வந்தால் அவள்தான் உள்ளே இணைக்க வேண்டும். வேலை நிரந்தரமாகுமுன் ஆறு மாதச் சோதனைக் காலம், அதில் ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியைக் கேட்ட சேலம் வியாபாரி மூன்றாம் முறையாகக் கோவிந்தம்மாளிடம் போய்ச் சேர்ந்த அன்று, இன்னொரு தடவை தப்பினால் வீட்டோடு இருந்துகொள் என்று சுபான் சொல்லிவிட்டார். வீடு என்பது அண்ணன் வீடு. அங்கே அண்ணன் பெண்டாட்டி ஒவ்வொரு கரண்டி சோற்றுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துப் போடுவாள்.

கரண்ட் வந்ததும், தன் முன்னாலிருந்த பெட்டியில் போனுக்கொன்றாக எரியும் ஆறு விளக்குகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி யாரென்று கேட்டுப் பார்த்தாள் வஹிதா. மண்டி முழுக்க ஒரே பதில்தான்: "நான்தான்." முதலாளி அறையில் மேனேஜர் இருப்பார், மேனேஜர் அறையில் யாரோ இருப்பார். ஒருநாள் போனைத் துடைக்கும்போது அடியில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தாள். கரண்ட் போனாலும் அழியாத நம்பர். அறை அறையாகப் போய் நோட்டில் குறித்துக்கொண்டாள். 004 முதலாளி, 001 புளிக்கொட்டகை. அன்றிலிருந்து கரண்ட் வந்ததும் ஒவ்வொருவரையும் போனைக் கவிழ்த்துப் படிக்கச் சொல்லி, அந்த அறையின் பெயர் எழுதிய அட்டையை அந்த விளக்கின் கீழ் மாட்டினாள்.

முதல் நாள் சுபானுக்குக் கோபம் வந்தது.

"நான் யாருன்னு தெரியலையா உனக்கு?"

"கொரல் தெரியுதுங்க மொதலாளி. போன் எதுன்னுதான் தெரியல."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, போனைக் கவிழ்த்து, அவரும் படித்தார். இரண்டு வாரம் ஒரு தப்பும் நடக்கவில்லை. உடனே அது அவருடைய யோசனை ஆகிவிட்டது. "குரலை நம்பக் கூடாது, அடி நம்பரை மட்டுமே நம்ப வேண்டும்" என்று டைப் அடித்து, கையெழுத்திட்டு, வஹிதாவின் தலைக்கு மேலே ஒட்டவைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். அப்படி விளக்கும்போதுதான் 001 எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வந்தது.

வாட்ச்மேன் சென்றாயன் பிறகு சொன்னபடி, வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி அவனை வெற்றிலை வாங்க அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது, துண்டுக்கடியில் எதையோ மூடிக்கொண்டு புளிக்கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெங்களூர் ஏற்றுமதி வியாபாரி பேசுவதாக இருந்தது. பத்தே முக்காலுக்குத்தான் கரண்ட் வந்தது. வஹிதா முதல் விளக்கை அழுத்தி நம்பர் கேட்டாள்.

"பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு." மேடையில் பேசுகிற நிதானம்.

நோட்டைப் பார்த்தாள். புளிக்கொட்டகை. குரலோ முதலாளி.

"போனை மாத்தினீங்களா மொதலாளி?"

"நான் எதுக்கு மாத்தறேன்? மேல என்ன ஒட்டியிருக்கு, படி."

படித்தாள். அந்த விளக்கின் கீழ் புளிக்கொட்டகை அட்டையை மாட்டினாள். அடுத்து கோவிந்தம்மாள். ரெண்டு முட்டை ஒரு நாலு என்றாள். அங்கே முதலாளி அட்டை ஏறியது.

பெங்களூர் வியாபாரி சரியாகப் பதினொன்றுக்கு லைனில் வந்தார். முதலாளியைக் கேட்டார். வஹிதா முதலாளி அட்டை தொங்கிய இடத்தில் இணைத்தாள். புளி எப்படி என்று கன்னடமும் தமிழும் கலந்து அவர் விசாரிக்க, மறுமுனை பதில் சொன்னது.

"முன்னாடி அடுக்கியிருக்கறது ஈரமுங்க சாமி. பின்னாடி இருக்கறது மலைப்புளி, நல்லா காஞ்சது. அதைக் கேட்டு வாங்கிக்கங்க."

யார் பேசுவது என்று அவர் கேட்டார். அதுல கொட்டை எடுக்கறவ என்றாள் கோவிந்தம்மாள்.

கால்மணி நேரம் 001-ஐக் காதில் வைத்தபடியே காத்திருந்த சுபான், விஷயம் தெரிந்து ஓடிவந்தார். பின்னாலேயே மாதேஸ்வரன். உன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அவர் வாசலைக் காட்டும்போது, வஹிதா அவரையே பார்த்தாள்.

"காதுல புளி ஒட்டியிருக்குதுங்க, மொதலாளி."

மண்டியில் புளி ஒட்டிய போன் ஒன்றே ஒன்றுதான். மாதேஸ்வரன் அவசரமாகக் கூரையில் ஏதோ பல்லியைத் தேடினார். சுபான் துண்டால் காதைத் துடைத்தார், துண்டும் ஒட்டிக்கொண்டது.

அப்போது மறுபடி பெங்களூர். இருபது வருஷத்தில் எந்த மண்டியும் இப்படி உண்மை சொன்னதில்லையாம். பின்வரிசை முழுக்க எனக்கே, திங்கட்கிழமை லாரி வரும் என்றார்.

"நான்தான் அந்தம்மாவைப் பேசச் சொன்னேன்" என்றார் சுபான், போனில்.

வாசலைக் காட்டிய விரல் அப்புறம் எழவில்லை. 001-ஐத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு மனசில்லை. வஹிதா நோட்டில் இரண்டு வரியை அடித்து மாற்றி எழுதிவிட்டு, இனி எந்தப் போனும் நகரக் கூடாது என்று சென்றாயனிடம் சொல்லி ஆறையும் மேசையோடு திருகாணி வைத்து முடுக்கச் செய்தாள். அடி நம்பர் மறைந்துவிடுமே என்று, எடுத்துப் பேசுகிறவர் பக்கமாக அதையே சீட்டில் எழுதி ஒட்டினாள்.

ஆறாம் மாதம் முடிந்தும் வஹிதா அதே நாற்காலியில்தான் இருந்தாள். கரண்ட் வரும்போதெல்லாம் முதலாளி "பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு" என்று முழங்குவார். சீட்டு அவர் ஒருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே உட்காருகிற வியாபாரிகளுக்குத் தெரிந்தது போனின் பின்புறமும் ஒயரும்தான். போனைத் திருப்பிக் காட்டலாமென்றால், திருகாணி விடவில்லை.