ஏல எண் நூற்றுப் பன்னிரண்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உட்காருதல் என்னும் செயலின் வரலாறு வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குத் திருத்தி எழுதப்படும். இடம்: மூன்றாவது மாடி, குடியிருப்போர் சங்கத் தலைவர் வீடு. உட்காரப்போகிறவர்கள்: அவர் மகளைப் பெண் பார்க்க வரும் வருங்காலச் சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர். அவர்களைத் தாங்கப்போகும் பெருமை: நூற்றிருபது வருஷத்து மகோகனி நாற்காலிகள் எட்டுக்கு.

நாற்காலிகளை இன்னும் வாங்கவில்லை என்பது சின்ன விஷயம். "எங்க வீட்ல சாப்பாடுன்னா மகோகனிலதான்" என்று தலைவர் சம்பந்தியிடம் போனில் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வியாழக்கிழமை ஒரு ஏலம் வாய்த்தது.

முந்தின நாளே போய்ப் பார்வையிட்டாயிற்று. கண்ணாடிபோல மின்னும் முட்டை வடிவ மேசை. அதைச் சுற்றி எட்டு நாற்காலிகள், முதுகில் செதுக்கிய இலைக்கொடியோடு. தலைவருக்கு மூச்சே நின்றது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் பழைய சன்மைக்கா மேசையைக் கீழ்த்தளத்துத் தையல்காரருக்குத் தானம் செய்தார்.

"எடுத்துட்டுப் போங்க. இனிமே இதுக்கு இங்க மரியாதை இல்ல."

"துணி வெட்டத் தோதா இருக்கும் தலைவரே" என்று அவரும் தூக்கிக்கொண்டு போனார்.

ஏலக்கூடத்தில் தலைவர் முதல் வரிசை. வலப்பக்கம் மைத்துனன், இடப்பக்கம் மனைவி. எண் அட்டையை அவர் செங்கோல்போல நிமிர்த்திப் பிடித்திருந்தார். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏலப் பட்டியலைப் படித்தாள்.

"நூற்றுப் பன்னிரண்டு!" என்றார் ஏலக்காரர்.

தலைவரின் அட்டை மேலே போனது. பின்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவரின் அட்டையும் போனது. நாற்பதாயிரம். ஐம்பது. அறுபது. கூடம் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஏங்க, இதுல பாருங்க..." என்று மனைவி பட்டியலைத் தூக்கினாள்.

"கையை ஆட்டாதே! இங்க கொசு அடிச்சாக்கூட விலை கேட்டதா எழுதிப்பாங்க!"

"அதில்லங்க, இதுல என்ன போட்டிருக்குன்னா..."

அவளுடைய இரண்டு கைகளையும் தலைவர் ஒரே கையால் பிடித்து மடியில் அழுத்தினார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

"எழுபது! கோட்டு சார் எழுபது!"

"விட்டுடாதீங்க அத்தான்!" மைத்துனன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "அந்தாளுக்கு வேர்த்துடுச்சு!"

"எண்பது!" என்று தலைவர் எழுந்தே நின்றார். அப்படி எழ வேண்டிய அவசியமே இல்லை. கோட்டுக்காரர் கூரையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், அட்டையை மடியில் வைத்தார். சுத்தியல் விழுந்தது.

மைத்துனன் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் கைகொடுத்தார்கள். தலைவர் திரும்பி நின்று கும்பிட்டார். தேர்தலில் எதிர்ப்பில்லாமல் ஜெயித்தபோது கிடைக்காத சுகம். அந்தக் கும்பிடும் கைதட்டலும் ஓய்வதற்குள் முன்னால் ஒரு குரல் கேட்டது.

"அடுத்து, நூற்றுப் பதிமூன்று. முட்டை வடிவ மகோகனி சாப்பாட்டு மேசை, ஒன்று."

கோட்டுக்காரர் அட்டையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. சுத்தியல் விழுந்தது.

தலைவரின் கைகள் கும்பிட்டபடியே நின்றன. "மேசை... சேர்த்துத்தானே?"

"சேர்த்து வெச்சிருந்தாங்க அத்தான்" என்றான் மைத்துனன் மெதுவாக. "சேர்த்து விக்கல."

மனைவி கையை நீவிவிட்டுக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள். "நாற்காலி எட்டுன்னு மட்டும்தான் போட்டிருக்கு. அதைச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன்."

வாசலில் கோட்டுக்காரர் காத்திருந்தார். "சார், அந்த நாற்காலிகளை எனக்கே கொடுத்துடுங்களேன்."

"நீங்க மேசையைக் கொடுங்களேன்."

"அது எப்படி சார்? மானம் போயிடும்."

"எனக்கு மட்டும்?"

இருவரும் மிகுந்த மரியாதையோடு பிரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் தாமே கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார். தையல்காரர் பெருந்தன்மையானவர். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மணிக்குத் திருப்பிடுங்க, அவசர ஆர்டர் இருக்கு" என்றார். சன்மைக்காவின் மேல் சாக்பீஸில் வரைந்திருந்த இரண்டு சட்டைக் கைகளை மனைவி விரிப்பைப் போட்டு மறைத்தாள்.

பன்னிரண்டரைக்கு எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். தலைவர் சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தி சாய்ந்தார், நெளிந்தார், இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்த சம்பந்தி விரிப்பின்மேல் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல உறுதியான மேசை" என்றார்.

நாற்காலிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.