அரிசி மூட்டைக்குள் ஸ்ட்ரோபெரி

1

என் மகள் லோஜினி ஒரு கேள்வி கேட்டாள். பதிலைத் தள்ளிப்போட்டேன். அதனால்தான் இந்தக் கதை. முதல் வரி இப்படி இருந்தது: ‘பொகவந்தலாவையின் தேயிலை மலைகள் அன்று அழுது…’ வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.

2

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஸ்ட்ரோபெரி வளர்த்தவர் என் கணவர் சின்னராசா. கொழும்பில் வேலை செய்யும் லோஜினி சனிக்கிழமை வருவதாக இருந்தது. மழையில் அழுகிவிடுமென்று பயந்து, வெளுத்த காய்களையே பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு அரிசி மூட்டைக்குள் புதைத்தார்.

“இதெல்லாம் பழுக்குமாங்க?”

“வாழக்கா பழுக்குது, ஆனக்கொய்யா பழுக்குது. இது மட்டும் என்னா, தொர வீட்டுப் புள்ளையா?”

மகளுக்கும் போனில் சொன்னார்: “நீ வாறப்ப செவந்து கெடக்கும் பாரு.”

வெள்ளிக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. [இங்கே இன்னும் எழுத வேண்டும். முடியவில்லை.]

3

(இது கதையல்ல, தேடிப் படித்தது. அவசரமென்றால் தாண்டிவிடுங்கள்.)

பறித்த பின்னும் வாழைக்காய் எதிலீன் வாயுவை விட்டுத் தானும் பழுக்கும், பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும். ஸ்ட்ரோபெரி அதற்கு அவ்வளவாக மசியாது. அதன் தோலில் ஒட்டியிருக்கும் விதைகள் தரும் ஆக்சின் என்ற ஹார்மோன் காயைப் பருக்க வைக்கும். பழுக்க விடாமலும் பிடித்து வைக்கும். விதை முற்ற ஆக்சின் குறைந்து, பழுக்க வைக்கும் அப்சிசிக் அமிலம் கூடும். அப்போதுதான் பழம். முன்பே பறித்தால் நிறம் கொஞ்சம் ஏறலாம். இனிப்பு செடியிலிருந்துதான் வரவேண்டும்.

4

அடக்கம் முடிந்த மறுநாள் லோஜினி கேட்டாள்: “அம்மா, அப்பா எனக்கு வச்ச பழம் செவந்துருச்சா?”

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். ஏற்கெனவே பார்த்திருந்தேன். வதங்கி, அரிசித் தூள் ஒட்டி, ஒரு பக்கம் வெட்கப்பட்டதுபோல… [உவமையை அடித்துவிட்டேன்.] ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு.

துக்கம் கேட்க வந்த பழக்கடை மஃறூப் நானாவிடம் மட்டும் சொன்னேன். போனவர், ஒரு பெட்டி சிவந்த பழத்தோடு திரும்பி வந்தார்.

“மூட்டைக்குள்ள வெச்சிருங்க தங்கச்சி. வாப்பா வெச்சதுன்னே புள்ள திங்கட்டும். பொய்தான். அல்லாஹ் மன்னிப்பான்.”

5

முடிவு ஒன்று: நானாவின் பழம் அரிசிக்குள் போகிறது. லோஜினி தின்கிறாள், இனிக்கிறது. அவர் சொன்னது பலித்துவிட்டது.

முடிவு இரண்டு: அவர் வைத்ததையே எடுத்துக் கொடுக்கிறேன். புளிக்கிறது. ஆனால் அவர் கை பறித்தது.

முடிவு மூன்று: ஸ்ட்ரோபெரியும் வாழைக்காய் மாதிரிதான் என்று மூன்றாம் பகுதியை மாற்றி… இல்லை. செடி கேட்காது.

இந்த வரியில் லோஜினி அடுப்படிக்கு வருகிறாள். என் ஒரு கையில் நானாவின் பெட்டி, மறுகையில் பேனா. மூட்டையின் முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை இல்லை. நீங்கள் அவிழுங்கள்.