மேனுகாவுக்கு என்ன முறை

கண்ணகை அம்மன் அறிய, இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை, குறைத்ததுமில்லை, கல்லடியில் சுனாமிக் கடல் ஏறிய அன்று பனையுச்சியில் போய் மாட்டி மூன்று நாள் தங்கி இறங்கிவந்த கணினி, வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல் கேட்டது என்பது உட்பட... அந்தக் கணினிக்கு முன்னால்தான் சிவதர்ஷன் இருந்தான், நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடம், நான்கானதும் அவன் எழுதிய நிரல் தானாகக் கிளம்பிக் காணாமற்போனோர் பட்டியலைக் கூட்டித் தள்ளிவிடும், அவனோடு படித்த மேனுகாவும் அதோடு போய்விடுவாள். ஏன் இப்படி ஒன்றை எழுதினேன்? எழுதச் சொன்னார்கள், எழுதினேன். சண்டை முடிந்து ஒரு மாதம், பட்டியல் பாரமாகிவிட்டது, இரண்டு வருடமாக யாரும் தேடி வராத பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று அவன் வேலை பார்க்கும் நிவாரணக் கந்தோருக்குக் கொழும்பிலிருந்து கடிதம். அழகாகத்தான் எழுதினான், உயிரோடிருந்து தேடுகிறவரில் தொடங்கு, அவர் தேடும் ஆளைத் தொடு, அந்த ஆளின் தாய், பிள்ளை என்று உறவுக் கயிற்றைப் பிடித்துப் போய் எட்டிய பெயருக்கெல்லாம் குறி வை, கடைசியில் குறி விழாததைத் தள்ளு... மேனுகாவின் தாயைக் கடல் கொண்டுபோனது, இரண்டு வருடம் கழித்துச் சண்டைக்குள் கதிரவெளிச் சனம் ஊரைவிட்டு ஓடியபோது மேனுகா எந்தப் பக்கம் போனாள் என்று சொல்ல ஆளில்லை, தேட ஆளில்லை, ஊர்ப் பதிவிலிருந்து பட்டியலில் ஏறிய வெறும் பெயர், எந்தக் கயிறும் அவளிடம் வரவில்லை. நான் தேடுகிறேனே, நான் உயிரோடுதானே இருக்கிறேன்? தேடுபவர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தான். அடுத்த கட்டம், என்ன முறை?

என்ன முறை... வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. தன்னைத் தானே கூப்பிடும் நிரல் ஒன்றை எழுதி, நிறுத்தும் வரியை மறந்துவிட்டான், அது மூன்று நாள் விடாமல் ஓடியது, சூட்டில் கணினி அறைக் கூரையில் காகம் உட்காருவதை விட்டது, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், அப்போதுதான் பின்வரிசை வாங்கிலிருந்து மேனுகா எட்டிப் பார்த்து, "முதல்ல நிக்கிற இடத்த எழுதுங்க, பிறகு ஓட விடுங்க" என்றாள். நான்கு வருடத்தில் நிரலைத் தவிர அவள் பேசியது ஒன்றே ஒன்று, சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள் என்று. அதன் பிறகு ஒரு மாதம் அவன் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டிக்கொண்டு போனான், அவள் ஒன்றும் சொல்லவில்லை... கண்டிருப்பாளா? கண்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

பக்கத்து மேசையில் பெயர் பதியும் ஹஸீனா ராத்தா, ஏறாவூர்க்காரி, தேநீரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "மச்சான் எண்டு போடுங்களன் தம்பி, ஆருக்குத் தெரியப் போகுது?" நிரலுக்குத் தெரியும். பொய்ப் பதிவு வரக்கூடாதென்று அவன்தான் காவல் வைத்தான், மச்சான் என்றால் இருவருடைய குடியும் வேண்டும், தாய்வழியில் வருகிற குலந்தான் குடி, வேறு வேறு குடியென்றால்தான் மச்சான், ஒரே குடியென்றால் கூடப்பிறந்த முறை, இந்தக் கரையில் அதை மீறிக் கலியாணம் இல்லை. சிநேகிதன் என்ற முறையையும் அவனே எடுத்துவிட்டிருந்தான், அதை விட்டால் எல்லாரும் எல்லாரையும் தேடுவார்கள், தள்ள ஒரு பெயர் மிஞ்சாது என்று. அவள் குடி என்ன என்று ராத்தா கேட்டாள், தெரியாது என்றான். "நாலு வருசம் ஒண்டாப் படிச்சிக் குடி கேக்கலயா? எங்கட ஊர்ப் பொடியனுகள் பேரக் கேக்க முதல் குடியத்தான் கேப்பானுகள்." பிறகு, சிரிப்பை விட்டுவிட்டு, சகோதரன் என்று போட்டால் எடுக்குமா என்றாள். எடுக்கும், கேள்வியில்லாமல் எடுக்கும், அவனுடைய குடியை அவள் பெயருக்கு நேரே தானாக எழுதிக்கொள்ளும். "அப்ப போடுங்க. புள்ள பட்டியல்லயாவது கிடக்கட்டும்."

கேட்டிருக்கலாம். பஸ் வரும்வரை வாசலில் நின்ற எத்தனை நாள், கதிரவெளியில் நீங்கள் என்ன குடி என்று நான்கு சொல், வெட்கமா? வெட்கமில்லை, அவளும் என்னைப்போல உலகிப்போடி குடி என்று சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே தங்கச்சியாகிவிடுவாள், கேட்காதவரை மச்சாள், அதனால்தான் கேட்கவில்லை, பதில் வந்துவிடும் என்று பயந்து... சகோதரன் என்ற சொல்லில் அம்புக்குறியை வைத்தான். அழுத்தினால் அவள் இருப்பாள், அவனுக்கில்லாமல். எங்கோ ஒரு முகாமில் யாராவது இந்தப் பட்டியலை வாசித்துக் காட்ட, எனக்கேது அண்ணன் என்று அவள் கேட்டால்? கேட்கட்டும், கேட்பதற்கு அவள் இருக்க வேண்டுமே... விரல் ஏன் இறங்கவில்லை? இரண்டரை வருடமாகத் தினமும் காலையில் அவள் பெயரைத் திறந்து பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன், தேடுபவர் கட்டத்தில் என் பெயரை இன்றைக்குத்தான் எழுதினேன். அப்படியென்றால் இவ்வளவு நாளும் நான் செய்தது தேடுவதா? மூன்று ஐம்பத்தொன்பது. ராத்தா கைப்பையை எடுத்துக்கொண்டு, வாறன் தம்பி என்றாள், அவன் ஓம் என்றான், திரும்பவில்லை.

நான்கு மணியானது, நிரல் கிளம்பி ஓடி நின்றது, மேனுகாவின் பெயர் பட்டியலில் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று நிறுத்தும் வரியை மறந்ததுபோல, குறி விழாத பெயரை அழிக்கச் சொல்லும் வரியைச் சிவதர்ஷன் அந்த நிரலில் எழுதவேயில்லை.